இலவச சிஸ்டமும் இருநூறு அதிரசப் பாக்கெட்டும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில், தனக்கு வயதாகிவிட்டது, சிஸ்டத்தின் புதிய பதிப்பைத் தாங்க முடியாது, வேறு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள் என்று திரையில் எழுதிக் காட்டியது. என் முழங்காலைப் பற்றி டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தார். அதனால் எனக்கு அதன்மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சிஸ்டத்தை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டேன். கம்ப்யூட்டர் இளந்தாரி மாதிரி ஓடியது. பிரிண்டர்தான் ஓடவில்லை.

பிரிண்டர் என் மனைவியுடையது. காரைக்குடியில் கல்யாணங்களுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறாள். அந்த வியாழக்கிழமை நாச்சியாபுரத்துக் கல்யாணத்துக்கு இருநூறு அதிரசப் பாக்கெட் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் லேபிளோடு. நான் சிஸ்டத்தை மாற்றியது செவ்வாய்க்கிழமை. காலண்டர் பார்க்கும் பழக்கம் எனக்கு என்றுமே கிடையாது.

"ஓசியில கெடச்சதையா போட்டு வச்சிருக்கீக?" என்றாள்.

"ஓசின்னு சொல்லாத. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணாலும் தொறந்து பாக்கலாம். அதான் இதுல விசேஷமே."

"நீங்க தொறந்து பாத்தீகளா?"

பார்க்கவில்லை. எங்கோ படித்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே தவிர, திறந்து பார்க்கலாம் என்பது எனக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றியதே இல்லை. பிரிண்டரை இயக்கும் ஃபைலைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். சர்க்கரையில் மொய்த்த எறும்பு மாதிரி பக்கம் பக்கமாக என்னென்னவோ. ஒன்றும் விளங்கவில்லை, மூடவும் மனம் வரவில்லை. உச்சியில் மட்டும் ஒரு மனிதரின் பெயர். அதன் கீழே: பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம், இந்தப் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் பக்கம் பேர் வெட்டாத பாத்திரம் வீட்டைவிட்டு வெளியே போகாது. அவள் கொண்டுவந்த சீர் சாமானில் கரண்டி வரைக்கும் அவள் அப்பச்சியின், அதாவது அப்பாவின், இனிஷியல் உண்டு.

"பேரு வெட்டித்தான் குடுத்திருக்காரு மனுசன்," என்றாள். "ஆனா பாத்திரம் ஒழுகுதே."

லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் என் கதையைக் கொட்டினேன். ஒரு மணி நேரத்தில், எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர் பதில் போட்டார்: பிரிண்டரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் மாடல் நம்பரைச் சொல்லுங்கள். கவிழ்த்தேன். நம்பரின் மேல் அதிரச லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. போன வருடம் பசை பிடிக்கிறதா என்று சோதிக்க நானே ஒட்டியது. உரித்துப் பார்த்தால், லினக்ஸைப் போட்டபோது, நினைவில் இருந்ததாக நம்பி நான் கம்ப்யூட்டரில் கொடுத்திருந்த நம்பர் வேறு. திருத்தியதும் பிரிண்டர் ஒருமுறை கனைத்துவிட்டு அடிக்கத் தொடங்கியது.

"பேரு வெட்டிக் குடுத்தாரே, அவருக்கு நம்ம ஒண்ணும் குடுக்க வேணாமா?"

"வேணாம். அவரு பேர எடுக்காம இருந்தாப் போதும்."

அவள் ஒரு லேபிளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல உங்க இனிஷியலுல்ல இருக்கு?"

"டிசைன் பண்ணது நாந்தானே."

"அதிரசம் சுட்டது?"

அதற்குள் ஐம்பது லேபிள் வெளியே வந்திருந்தது. நிறுத்தினேன். லேபிளில் இடம் கொஞ்சம். என் இனிஷியலை எடுத்தால்தான் அவள் பெயர் நுழையும். எடுத்தேன்.

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து இருநூறையும் ஒட்டினேன். ஒட்டியவன் பேரை எங்கே போடுவது என்று கேட்டேன்.

"மொதல்ல நேரா ஒட்டுங்க," என்றாள்.