பரமேஸ்வரி அக்கா எழுதிக் கொடுத்த கடதாசி

சித்த வைத்தியர் பரமேஸ்வரி அக்கா காலமாகிவிட்டார். சித்தாண்டியிலிருந்து அவருடைய மகள் அழைத்துச் சொன்னபோது நான் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் சோறு சாப்பிடக்கூடியவனாக இருப்பதே அவரால்தான். அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்கு இது விளங்கும்.

கரையோரத்தில் இருந்த அவருடைய மருந்துச்சாலையைச் சுனாமி கொண்டுபோனது. கஞ்சா சேர்ந்த லேகியம் வைத்திருக்க அவர் எடுத்திருந்த அனுமதிப் பத்திரமும் அதோடு போயிற்று. தன்னாமுனையில் ஒரு தகரக் கொட்டிலில் மீண்டும் தொடங்கினார். எனக்குப் பெருங்குடல் அழற்சி. ஆஸ்பத்திரிக் குளிசைகள் எடுத்தும் இரத்தப் போக்கு முற்றாக நிற்கவில்லை. நோவோ கொஞ்சமும் அடங்கவில்லை. அவரைத் தேடிப் போனேன்.

வீட்டில் இருந்ததால் சுனாமிக்குத் தப்பிய ஒரு போத்தலிலிருந்து சிறிது லேகியம் தந்தார். "தம்பி, இதால நோவு குறையும், பசிக்கும், நித்திரை வரும். குடல் புண் ஆறுமெண்டு சொல்லமாட்டன். எனக்குத் தெரியா. குளிசைய மட்டும் விட்டுப்போடாதீங்க."

சில நாளில் பசித்தது. சுகமாகிவிட்டேன் என்று நம்பிக் குளிசையை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் இரத்தம் கொட்டி, அவருடைய கொட்டிலிலேயே மயங்கி விழுந்தேன். யுத்த காலம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கிக் கெஞ்சி, ஓட்டோவில் என்னை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

என்ன மருந்து எடுத்தாய் என்று டொக்டர் கேட்டார். அக்காவுக்கு ஆபத்து வரக்கூடாதென்று குளிசையின் பெயரை மட்டும் சொன்னேன். அக்கா ஒரு கடதாசி கேட்டு வாங்கினார். லேகியத்தில் கஞ்சா இருப்பதையும், கொடுத்த அளவையும், நாள்களையும், தன் கையில் பத்திரம் இல்லாததையும் எழுதிக் கையொப்பமிட்டார். வார்ட் வாசலில் பொலிஸ்காரர் நின்றிருந்தார். உங்களைப் பிடித்துவிடுவார்கள் என்று முணுமுணுத்தேன்.

"எனக்கு வாறத நான் பாத்துக்கொள்ளுவன். உங்கட உடம்புக்குள்ள என்ன போயிருக்கெண்டு டொக்டருக்குத் தெரியோணும்."

டொக்டர் கடதாசியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு எழுந்து, தன் கதிரையை அக்காவுக்குக் கொடுத்தார். அந்த வருடங்களில் துணிச்சல்காரர் பலரைக் கண்டிருக்கிறேன். இப்படி ஒருவரைக் கண்டதில்லை.

யுத்தம் முடிந்த பிறகு, அதே டொக்டர் கிளினிக்கில், என்னோடு வந்திருந்த அக்காவிடம் ஒரு செய்தி சொன்னார். கஞ்சாவிலுள்ள சத்துகளைப் பிரித்தெடுத்து இந்த நோய்க்கு வெளிநாடுகளில் சோதிக்கிறார்களாம். சிலருக்கு நோவு குறைந்து உடம்பு இலேசாகிறதாம். அழற்சி ஆறுகிறதா என்பது இன்னும் உறுதியில்லையாம். தகரக் கொட்டிலில் அக்கா எனக்குச் சொன்னதும் அதுதானே.

அக்கா பெருமைப்படவில்லை. "அப்ப அவங்களும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்காங்க" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். நோவே இல்லாத மாதங்களிலும் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு, குளிசை வாங்கப் பஸ் ஏறுகிறேன்.