டொக்டர் சொன்ன ‘குரோ’வுக்கு அர்த்தம்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் நயினாதீவில் இருந்தோம். எங்கள் மூத்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. மாரி மழை தொடங்கினால் போதும், அவளுக்கு இழுப்பு வந்துவிடும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசிலடிப்பது போலக் கேட்கும். கைவைத்தியம் எல்லாம் செய்து அலுத்த பிறகு, நானும் கணவரும் அவளைத் தூக்கிக்கொண்டு பாய்ப்படகில் ஏறி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டொக்டர் பறங்கியர். தமிழில் இரண்டொரு சொல்தான் வரும். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்கிறவர் அன்று வரவில்லை. “பரவாயில்லை, எனக்கு இங்கிலீஷ் விளங்கும்” என்றேன். கன்னியர்மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அல்லவா! கணவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டொக்டர் பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டார். ஒரு போத்தல் மருந்து தந்தார். பிறகு சிரித்தபடி, “ஷீ வில் குரோ அவுட் ஒஃப் இட்” என்றார்.

குரோ என்றால் வளர்வது. அவுட் என்றால் வெளியே. எங்கள் அயலில் ஓர் அக்காவுக்கு வயிற்றில் கட்டி, அதை ‘குரோத்’ என்று கொழும்பில் சொன்னார்கள், அவர் பிழைக்கவில்லை. என் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் ஏதோ ஒன்று வளர்கிறது, வெளியே வரப்போகிறது என்றுதான் எனக்கு விளங்கியது. இதைச் சொல்லிவிட்டு இந்த மனிதர் எப்படிச் சிரிக்கிறார் என்று கோபம் வேறு. “தாங்க் யூ சேர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இறங்குதுறையில் வைத்துக் கணவரிடம் சொன்னேன். அவர் மகளின் தலையைத் தடவியபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே குந்தியிருந்து அழுதேன்.

அதே படகில் ஏற ஓர் அம்மாவும் அவருடைய கணவரும் வந்தார்கள். மலாயாவில் பல காலம் இருந்துவிட்டு, யுத்தம் வருமுன்னே ஊர் திரும்பியவர்கள். எங்கள் தீவு அம்மன் கோயிலுக்குப் போகப் புறப்பட்டிருந்தார்கள்.

“என்ன பிள்ளை, ஏன் இப்பிடி அழுறீர்?” என்று கேட்டார் அந்த அம்மா.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பட்டுச்சேலையோடு என் பக்கத்தில் குந்தினார்.

“டொக்டர் சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கோ? அப்பிடியே சொல்லும், பாப்பம்.”

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஐயோ பிள்ளை! வளர வளர இந்த இழுப்பு வருத்தம் தன்பாட்டிலை விட்டிடும் எண்டெல்லோ அவர் சொல்லியிருக்கிறார். எங்கடை மூத்தவனுக்கும் இதே இழுப்புத்தான். அங்கை வெள்ளைக்கார டொக்டரும் இதைத்தான் சொன்னவர். இப்ப அவன் பந்தடிச்சுத் திரியிறான்.”

நம்ப ஆசையாக இருந்தது. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ என்று பயமாகவும் இருந்தது. அது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். “எழும்பும், போய் அவரிட்டையே கேப்பம்” என்று என் கையைப் பிடித்தார்.

“காத்து விழப்போகுது அம்மா, நிண்டு மினைக்கெட ஏலாது” என்றார் படகுக்காரர்.

“கொஞ்சம் பொறும் தம்பி. இந்தப் பிள்ளை இப்பிடியே அழுதுகொண்டு வந்தா, உமக்குப் படகோட்ட மனம் வருமோ?”

படகுக்காரர் அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டதும் டொக்டர் திகைத்துப்போனார். கதிரையிலிருந்து எழும்பி வந்து, மகளின் தலைக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்து, மெல்ல மெல்ல மேலே உயர்த்திக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தட்டி, “இழுப்பு போகும்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். என் கணவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

படகில் எல்லோரும் காத்திருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. யாரோ மகளின் கையில் பனங்காய்ப் பணியாரம் ஒன்றை வைத்தார்கள். அந்த அம்மாவின் கணவர் வழிநெடுக எனக்குக் ‘குரோ’வை விளக்கிக்கொண்டே வந்தார்.

“தலைமயிர் வளந்தாலும் குரோ, நாங்கள் புகையிலைப் பயிர் செய்தாலும் குரோ. வயது போறதும் குரோ, பொழுது இருட்டிறதும் குரோ.”

“இருட்டும் வளருமோ ஐயா?” என்று என் கணவர் கேட்க, படகே சிரித்தது.

அந்த ஐயா மகளின் தொளதொளத்த சட்டையைத் தொட்டுக் காட்டினார். “வளந்து இந்தச் சட்டைக்கு அளவா வந்தா, குரோ இன்டு. இன்னும் வளந்து, இது போடேலாமல் போனா, குரோ அவுட். வருத்தமும் இந்தச் சட்டை மாதிரித்தான் பிள்ளை. இவள் வளந்து அதைக் கழட்டிப் போட்டிடுவாள்.”

அப்படியேதான் நடந்தது. ஒவ்வொரு மாரிக்கும் இழுப்புக் குறைந்துகொண்டே போய், அவள் பெரியபிள்ளையாகும் முன்னே இல்லாமல் போய்விட்டது. அந்த இருவரையும் நாங்கள் பிறகு காணவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் படகில் ஏறியிருந்தாலே பெரிய உதவிதான். ஆனால் என் பயம் முழுதாகத் தீரவேண்டும் என்று, முன்பின் தெரியாத எனக்காக அந்த அம்மா திரும்பி நடந்தாரே, அதை நினைக்கும்போது இன்றைக்கும் மனம் நிறைந்துவிடுகிறது.