மாக்ரூஹியின் முகவாய்

வர்செனிக்குக்கு வாய் சும்மா இருக்காது. கியூம்ரி ஊருக்குப் படம் எடுக்க வந்த நோராயரிடம், "எங்கம்மா முகத்தைக் கல்லறைக் கல்லுல அப்படியே செதுக்கியிருக்கு தம்பி, காலைல வந்து எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

இனப்படுகொலையின்போது பாலைவனத்துக்கு விரட்டப்பட்ட நம் பெண்களைப் பற்றிய படம் அது. அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டவர்கள் முகவாயிலும் விரலிலும் பச்சை குத்திவிட்டார்கள். வர்செனிக்கின் அம்மா மாக்ரூஹிக்கும் முகவாயில் மூன்று நீலப் புள்ளிகள், விரல்களிலும் பச்சை. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே! அவர்கள் வாயை அடைக்கத்தான், படத்தின் கடைசியில் நிஜ முகங்களைக் காட்ட நினைத்தான் நோராயர். மாக்ரூஹியின் போட்டோக்களோ பூகம்பத்தில் வீட்டோடு போய்விட்டன.

காலையில் கல்லைத் துடைக்கப் போன வர்செனிக் விரலால் தடவிப் பார்த்தாள். முகவாய் மொழுமொழுவென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. இத்தனை வருஷமும் சாம்பிராணி போட்டவள், மனசில் இருந்த முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள், கல்லில் இருந்ததை அல்ல.

கூட வந்த தம்பி ஆர்ஷாவிர் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்க்கா கல்லு செதுக்குறவன்கிட்ட அதை விட்டுடச் சொன்னேன்."

"ஏன்டா பாவி?"

"ஊரு என்ன பேசும்? எவன் கூட இருந்துட்டு வந்தாளோன்னு கேக்க மாட்டானுங்களா? அம்மாவே சாகுற வரைக்கும் கையுறையைக் கழட்டலையே!"

அவனை மட்டும் சொல்லி என்ன பயன்? போட்டோவில் அந்தப் பச்சையைச் சுரண்டாத வீடு நம்மில் எது? அடுத்தவன் அழிக்கும் முன் நாமே அழித்துவிட்டோம், வெட்கங்கெட்ட வெட்கத்தால்.

அம்மா முகம் படத்தில் வர இதை விட்டால் வேறு நாள் வராது. கல்லறை வேலியைச் சரிசெய்ய ஆர்ஷாவிர் பையில் கொண்டுவந்திருந்த ஆணியை வர்செனிக் பிடுங்கினாள்; ஒரு கல்லை எடுத்து அடித்தாள். விரல் கிழிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். அம்மா மாதிரியே இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

நோராயர் வந்தான். குனிந்து பார்த்தான். பழைய கறுப்புக் கல்லில் புள்ளிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அடியில் தூள்கூட உதிர்ந்து கிடந்தது.

"இப்பத்தான் போட்டீங்களாக்கா?"

"அம்மாவுக்கு இருந்துச்சு தம்பி! சத்தியமா இருந்துச்சு!"

"நான் நம்புறேன்க்கா. ஆனா இதைக் காட்டினா, மத்த பொம்பளைங்க முகமும் நாமளே வரைஞ்சதுன்னு சொல்லிடுவானுங்க. எல்லாமே போயிடும்."

அவன் கேமராவை மூடினான்.

"எடுக்காம போகாதேப்பா!" ரத்தக் கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள் வர்செனிக். "பொய்யா இது? எங்கம்மாடா இது! எங்கம்மா!"