கஜேந்திரன் வீட்டு ட்வீட்டர்

1

மூன்றாவது தடவையாக ட்வீட்டர் எரிந்தபோது கஜேந்திரன் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஸ்பீக்கரை ஆட்டோவிலிருந்து இறக்கி என் கடை வாசலில் வைத்துவிட்டு, "அக்கா, இது நமக்கு ராசி இல்ல போலக்கீது. வுட்டுடலாமா?" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆடியோ சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்குமுன் இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடம் பவர் சப்ளை போர்டுகளுக்குச் சால்டரிங், டெஸ்டிங் செய்தவள். கஜேந்திரன் ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவன். ஷிப்ட் முழுக்கச் சூட்டிலும் இரைச்சலிலும் நின்றுவிட்டு வருபவனுக்கு ஒரே ஒரு ஆசை, வீட்டில் பாட்டைச் சத்தமாக வைத்துக் கேட்பது. அவனிடம் இருப்பது இடுப்பு உயரத்துக்கு நிற்கும் பழைய ஜோடி ஸ்பீக்கர். எட்டு ஓம், நூறு வாட்ஸ். செய்த கம்பெனி இப்போது இல்லை. அதில் மெல்லிய கீச்சுச் சத்தங்களைக் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர். அதற்குப் பொருந்துவது திருவள்ளூரில் ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் மட்டும் இருந்தது. அவரிடமும் இனி ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். அதுவும் எரிந்தால் கஜேந்திரனிடம் இருப்பது வெறும் மரப்பெட்டி.

முதல் இரண்டு தடவை எரிந்தது அவனுடைய நாற்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரில். மூன்றாவது எரிந்தது நான் செய்துகொடுத்த இருபது வாட்ஸில். அதுதான் என் மண்டையைக் குடைந்தது. பவர் சப்ளை வேலையில் நான் பழகிய கணக்கு ஒன்றுதான்: பவரைக் குறைத்தால் பொருள் பிழைக்கும். அந்தப் புத்தியில் சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்து, "ஃபுல்லா வெச்சாலும் ஒண்ணும் ஆவாது கஜேந்திரா, நான் கேரண்டி" என்று பெருமை வேறு அடித்தேன். ஒன்பதே நாளில் எரிந்தது.

2

மறுநாள் ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, சத்தத்தின் அலையைத் திரையில் காட்டுகிற என் பழைய ஆசிலாஸ்கோப்பை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். திருவள்ளூரிலிருந்து வாங்கிவந்த கடைசி ஜோடி ட்வீட்டரைப் பையை விட்டு எடுக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கிற பெரிய ஸ்பீக்கரை மட்டும் அந்த இருபது வாட்ஸில் இணைத்தேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்தவன் முகம்கூடக் கழுவவில்லை.

"எப்பவும் எப்டி வெப்பியோ அப்டி வை" என்றேன்.

வால்யூமைக் கடைசிவரை திருகினான். ஸ்கோப்பின் திரையில் அலை மேடும் பள்ளமுமாக உருண்டையாக வரவேண்டும். அது இட்லியின் தலையைக் கத்தியால் சீவினாற்போல் தட்டையாக வந்தது. இதைத்தான் கிளிப்பிங் என்போம். ஆம்ப்ளிஃபயரிடம் பவர் தீர்ந்த பிறகும் கொடு கொடு என்று பிடுங்கினால், அது அலையின் தலையை வெட்டித்தான் கொடுக்கும். அப்படி வெட்டுப்பட்ட சத்தத்தில் கீச்சுப் பகுதி அதிகமாகி, அத்தனையும் நேரே ட்வீட்டரில் போய் விழும். தலைமுடி போன்ற அதன் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்து எரித்ததே நான்தான். அட கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"தப்பு என்னுது கஜேந்திரா. உனக்கு நூத்தம்பது வாட்ஸ் வேணும்."

"இன்னாக்கா சொல்றே? சின்னதுலயே எரிஞ்சிச்சி. பெர்ச வெச்சா ஊடே எரிஞ்சிடாது?"

அவன் மனைவி மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. என் வார்த்தையை நம்பித்தானே ஒரு தடவை எரித்தான்?

3

ஒரு வாரம் கழித்து நூற்றைம்பது வாட்ஸோடு போய், கடைசி ஜோடியை மாட்டினேன். அன்றும் அவன் டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். பாட்டு கணீரென்று வந்தது. திரையில் அலை உருண்டையாக நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

ஆனால் அவன் கை நிற்கவில்லை. இன்னும் திருகினான். ஷெல்ஃபில் எவர்சில்வர் டம்ளர்கள் கிடுகிடுவென ஆடின. எனக்குக் காது வலித்தது.

"பத்தலக்கா!" என்று கத்தினான்.

இன்னும் கொஞ்சம் திருகினால் இதுவும் கிளிப்பாகும். இத்தனை பவரில் ட்வீட்டர் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்து, ஸ்விட்சை அணைத்தேன்.

மஞ்சுளா காதிலிருந்து கையை எடுத்தாள். "லீவு நாள்ல இதுல பாதிகூட வெக்க மாட்டாருக்கா. டூட்டி வுட்டு வர்ற அன்னிக்கிதான் இந்தப் பேஜாரு. நாலு தபா கத்திக் கூப்ட்டாத்தான் திரும்பியே பாப்பாரு."

எனக்குச் சுரீர் என்றது. "மில்லுல சத்தத்துக்குக் காதுல அடச்சிக்க பிளக் குடுக்கலியா?"

"குடுத்துகீறாங்க. போட்டா நமநமன்னு கீது. டிபன் பையிலயே கெடக்குது. எவன் போட்றான்?"

எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஆட்கள் கேன்டீனில் பக்கத்தில் இருப்பவனிடமே கத்திப் பேசுவது ஞாபகம் வந்தது. இரைச்சலில் காது மரத்துப்போயிருக்கும். நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன், ஸ்பீக்கரைப் பார்த்தேன். கேட்கிற காதைப் பார்க்கவே இல்லை.

"டேய், இப்டியே போனா செவுடாயிடுவே. நாளைலேர்ந்து பிளக் போடல, ட்வீட்டரக் கழட்டிகினு போய்டுவேன்" என்று கத்தினேன். அவன் முகம் தொங்கிப்போனது. மஞ்சுளா உள்ளே போய் நகப்பாலிஷ் எடுத்துவந்து, நான் காட்டிய இடத்தில் வால்யூம் பட்டன் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். அதைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம்.

4

பதினைந்து நாள் கழித்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"ட்வீட்டர் போச்சா?"

"அது நல்லாத்தாங்கீது. ஆம்ப்லதான் கோளாறு. சவுண்டு தானா ஏறிகிச்சி. புள்ளிக்குப் பாதி வெச்சாலே காதக் கிழிக்குது."

ஒரு மணி நேரம் டெஸ்ட் செய்தேன். ஒரு குறையும் இல்லை.

"பிளக் போட்றியா?"

"போட்டுகினுதான் கீறேன். மஞ்சு வுட்டாத்தானே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆம்ப் அப்டியேதாங்கீது. உன் காதுதான்டா திரும்பி வந்துகீது."

டாக்டரிடமும் அனுப்பினேன். கொஞ்சம் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள் என்றாராம். இப்போதெல்லாம் யாராவது ஆம்ப்ளிஃபயர் கேட்டு வந்தால், ஓமும் வாட்ஸும் கேட்பதற்கு முன்னால், "இன்னா வேல பண்றீங்க?" என்று கேட்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று கஜேந்திரன் என் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நேத்து டூட்டி வுட்டு வந்து ஒக்காந்துகினு இருந்தேன்க்கா. மஞ்சு சமையக்கட்டுலேர்ந்து கூப்ட்டா. ஒரே ஒரு தபாதான் கூப்ட்டா. நான் போய் நின்னேன். கரண்டிய அப்டியே கீழ போட்டுட்டா."