நசுங்கினால்தான் பாஸ்

அலுமினியத்தைச் சுட்டு, தண்ணீரில் முக்கி, திரும்ப இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால் அது உறுதியாகிவிடும்; செய்கிற நமக்குத்தான் எலும்பெல்லாம் இளகிவிடும். உலையோடு மாரடிக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

எங்கள் பட்டறை மலைமேல் வெள்ளக்கடை என்னும் ஊரில், முன்பு காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கிய குடோனில் இருக்கிறது. கார் பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்து, எங்காவது மோதினால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் அலுமினியக் குழாய்களை இங்கே பதப்படுத்துகிறோம். போன கோடையில் முதலாளி சண்முகம் அண்ணன் எங்களைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டார். ஓசூர் கம்பெனிக்கு அனுப்பும் சாம்பிள் பாஸானால் வேலை தொடரும். இல்லையென்றால் குடோன் லாட்ஜாகிவிடும். கேட்டு ஆளும் வந்துவிட்டதாம். உலையை விட்டால் அந்த லாட்ஜில் பெட்ஷீட் மாற்றும் வேலைதான் எனக்குக் கிடைக்கும்.

வெந்நீர்க் குளியல்

முதல் சாம்பிளை உலையிலிருந்து எடுத்துத் தொட்டியில் இறக்கினோம். வெளியே வந்தவை ஆளுக்கொரு பக்கம் கோணிக்கொண்டு நின்றன. கோடையிலும் எங்கள் மலைத் தண்ணீர் அப்படி ஜில்லென்று இருக்கும். சுட்ட உடம்புக்கு அது ஆகவில்லை. முதலாளி ஒரு பெரிய ஹீட்டர் வாங்கி வந்து தொட்டியில் மாட்டினார்.

கூடையை இறக்கி ஏற்றும் செல்வி அக்கா எஸ்டேட் வேலையை விட்டு எங்களிடம் வந்தவர். ஆவி பறக்கும் தொட்டியை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "மார்கழியில எங்க ஊட்டு ஆளுங்களே பச்சத் தண்ணியிலதான் குளிக்கறாங்க. இந்தச் சாமிக்கு மட்டும் வெந்தண்ணி கேக்குதுங்களா?"

ஃப்ரீஸருக்குள் ஓசூர் ஆர்டர்

வெந்நீரிலும் கொஞ்சம் வளையத்தான் செய்யும். முக்கி எடுத்ததும் அலுமினியம் இளசாக இருக்கும்; அப்போதே பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திவிட வேண்டும். விட்டால் சும்மா கிடந்தே விறைத்துக்கொள்ளும். பிறகு நிமிர்த்தினால் விரிசல்தான். இரண்டாவது சாம்பிளை முக்கி எடுத்த கையோடு பிரஸ் மோட்டார் புகைந்து நின்றது. மெக்கானிக் சேலத்திலிருந்து வர வேண்டும். மலைப்பாதை முழுக்க டூரிஸ்ட் கார்கள். மறுபடி சுடலாமே என்பீர்கள். ஒரு துண்டுக்கு ஒரு சூடுதான் என்பது ஓசூர்க்காரர்களின் கண்டிஷன். கையில் வேறு துண்டும் இல்லை.

நல்ல குளிரில் வைத்தால் விறைப்பது தள்ளிப்போகும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. எதிரே பஸ் ஸ்டாப்பில் சலீம் பாயின் ஐஸ்கிரீம் கடை. ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த மனிதர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஃப்ரீஸரைக் காலி செய்து, ஐஸ்கிரீமையெல்லாம் நின்றிருந்த, மஞ்சக்குட்டை ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குள் வினியோகித்துவிட்டார். கண்டக்டர் வாயில் குச்சி ஐஸ் இருந்ததால் விசில் கொடுக்க முடியாமல் பஸ் லேட்டாகக் கிளம்பியது. பாயை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நிறைகிறது.

எங்கள் குழாய்கள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. அந்த நேரம் பார்த்துக் காரிலிருந்து இறங்கிய ஓர் அம்மா, ஃப்ரீஸர் மூடியைத் திறந்து பார்த்துத் திகைத்து நின்றார். பாய் முகம் மாறாமல் சொன்னார்: "அது ஓசூர் ஆர்டருங்க. நாளைக்கு வாங்க, உங்களுக்கு மேங்கோ தர்றனுங்க."

கரடியூரில் ஒரு கார்

மெக்கானிக் வந்தார், குழாய்கள் நல்ல பிள்ளைகளாக நிமிர்ந்தன, இளஞ்சூட்டில் இருந்தும் எழுந்தன. இனி ஓசூரில் டெஸ்ட். அதுவரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கரடியூர் வியூ பாயிண்டுக்குப் போனேன். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்க்க, நான் மட்டும் ஒரு புதுக் காரின் பம்பருக்கடியில் தலையை விட்டு, உள்ளே யார் பதப்படுத்திய குழாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு பதறிய குரல் கேட்டது. "ஏனுங்க, நாய்க்குட்டி ஏதும் மாட்டிக்கிச்சுங்களா?"

நசுக்கிய நாள்

ஓசூருக்கு முதலாளி என்னையும் செல்வி அக்காவையும் கூட்டிப்போனார். குழாயை நிற்க வைத்து மேலிருந்து மெஷினால் நசுக்குவார்கள். அது பிளந்துவிடாமல் மடிப்பு மடிப்பாக உட்கார வேண்டும். அப்படி மடிந்தால்தான் காருக்குள் இருக்கிறவர் பிழைப்பார். மெஷின் இறங்கியபோது செல்வி அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. இன்ஜினியர் அம்மா நசுங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரிசலும் இல்லை, பாஸ் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

முதலாளி வெளியே போய் லாட்ஜ்காரருக்குப் போன் போட்டார். குரலில் அப்படி ஒரு மிடுக்கு. "குடோன் காலி இல்லீங்க. உள்ள எங்க ஆளுங்க வேலை பாத்துட்டு இருக்கறாங்க."

பார்த்துப் பார்த்துப் பக்குவம் செய்ததைக் கண்ணெதிரே நசுக்கிப் போட்டதற்கு லட்டு வாங்கிக் கொடுத்துக் கொண்டாடும் கூட்டம், நம்மைத் தவிர வேறு எங்கும் இருக்காது.