பாய்மரத்துக்கு இரண்டு புதுக் கைகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பூரணாங்குப்பம் பக்கம் ஆற்றோரமாகப் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கணவரின் பழைய பேண்ட்டைச் சணல் கயிற்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாய்மரப் படகு ஒன்றின் உச்சியை நோக்கிக் கயிற்றில் தொங்கியபடி போய்க்கொண்டிருந்தாள்.

அது நான்தான்.

வில்லியனூரில் ஹார்டுவேர் கடையும் பத்திரிகையில் வாரம் ஒரு பத்தியுமாக இருப்பவளுக்கு இது எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் தம்பி தனசேகர் பாகூரில் கரும்பு போடுகிறவன். சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அவருடைய பழைய படகை வாங்கினான். மோட்டார் கிடையாது... காற்றும் பாயும்தான். லீவு நாட்களில் நானும் அவனும் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் கொஞ்ச தூரம் போய் வருவோம். என் கணவர் மட்டும் கரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

போன மாதம் அப்படிப் போயிருந்தபோதுதான் தலைக்கு மேல் 'படக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

பாய்மரத்தின் நடுவில், இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல இரண்டு குறுக்குக் கட்டைகள் இருக்கும். ஸ்ப்ரெடர் என்று பெயர். உச்சியிலிருந்து படகின் ஓரங்களுக்கு இறங்கும் கம்பிகளை அவைதான் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்கின்றன. கம்பி விறைப்பாக இருந்தால்தான் மரம் நிமிர்ந்து நிற்கும். அதில் வலது கை ஒடிந்து தொங்கியது. கம்பி தொளதொளத்துப் போனது. மரம் வில்லாக வளைந்தது.

அவசர அவசரமாகப் பாயை இறக்கினோம். துடுப்புப் போட்டே கரைக்கு வந்தோம். தனசேகரின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இறங்கியவன் படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால் களை எடுக்க வேண்டும் என்பான், தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பான். ஒரு நாள் கடைக்கே வந்து, படகை விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்றான். ஏன் என்று விடாமல் கேட்டேன்.

"உன்ன வச்சிக்கினு கடல்ல மரம் சாஞ்சிருந்தா, மாமாவுக்கு நான் இன்னான்னு பதில் சொல்லுவேன்?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தனை நாள் அவன் எதைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. இதற்கு ஆறுதல் வார்த்தை உதவாது. மரத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

தெரிந்த தச்சரிடம் தேக்கில் புதிதாக இரண்டு கட்டைகள் இழைக்கச் சொன்னேன். இரண்டு எதற்கு என்று என் கணவரும் தம்பியும் ஒரே குரலில் கேட்டார்கள். இடது கை வெள்ளைப் பெயின்ட்டில் பளபளவென்று இருந்ததாம். ஒரே வயசுக் கட்டைகள், ஒரே மழையில் நனைந்தவை — ஒன்று மட்டும் எப்படி இளமையாக இருக்கும்? நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பாய்மரத்தைக் கழற்றிக் கீழே படுக்க வைத்துச் செய்வதுதான் முறை. ஆனால் அடிப்பக்க இரும்பு துருவேறி இறுகிப்போயிருந்தது. ஓங்கி அடித்தால் படகின் தரையே பிளந்துவிடும். அப்படியென்றால் யாராவது மேலே ஏற வேண்டும். மூவரில் எடை குறைந்தவள் யார்? வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. ஜெயித்தது எடை. நான்தான் ஏறப்போகிறேன் என்று முடிவானதும் தம்பியும் ஆற்றுக்கு வந்தான்.

ஊஞ்சல் பலகைபோல ஒன்றில் என்னை உட்காரவைத்து, அதைப் பாய் ஏற்றும் கயிற்றில் கட்டி, கணவரும் தம்பியும் கீழிருந்து இழுத்தார்கள். முதலில் உச்சிக்குப் போய், இரண்டு பக்கமும் தனித்தனிக் கயிறு கட்டிவிட்டு வந்தேன். கம்பிகளைத் தளர்த்தும்போது மரத்தைப் பிடித்துக்கொள்ள அவை வேண்டும். அப்புறம் பாதி உயரத்தில் நிறுத்தச் சொல்லி வேலையை ஆரம்பித்தேன்.

வலது கை சுலபமாக முடிந்தது. பித்தளை போல்ட், எங்கள் கடைச் சரக்கு.

இடது கட்டையின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினேன். பெயின்ட் உரிந்து வந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன்... விரல் உள்ளே போயிற்று. உள்ளே இருந்தது மரமே அல்ல, ஈரக் காப்பித்தூள். அதைப் பிய்த்துக் கீழே போட்டேன். கணவர் அதை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் வைத்த மீன்பிடிப் படகொன்று வேகமாகக் கடந்து போனது. அலை வந்து மோதியது. கீழே சாண் அளவு ஆட்டம், மேலே ஆள் உயரத்துக்கு ஆட்டம். ஸ்பேனர் நழுவித் தண்ணீரில் விழுந்தது. நான் இரண்டு கையாலும் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டேன். பயமா? இருந்தது. இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

"போதும், எறங்கி வந்துடு" என்றார் கணவர்.

நான் தம்பியைப் பார்த்தேன். கயிற்றைக் கையில் சுற்றி, கால்களை அகட்டி வைத்து, அண்ணாந்து நின்றிருந்தான்.

"கயிறு என் கையில இருக்குதுக்கா. நீ வேலையப் பாரு" என்றான்.

வேறொரு ஸ்பேனரைப் பையில் வைத்து மேலே அனுப்பினார்கள். புதுக் கட்டையைப் பொருத்தினேன். கம்பி வழுக்காமலிருக்க நுனியைச் சற்றே உயர்த்தி, மெல்லிய கம்பியால் கட்டினேன். பாய் கிழியாமலிருக்க நுனிகளில் சைக்கிள் டியூப்பைச் சுற்றினேன். பிறகு கம்பிகளை முறுக்கேற்றினோம். மரம் நெட்டுக்குத்தாக நின்றது.

சாயங்காலக் காற்றில் பாயை ஏற்றியது தனசேகர்தான். நான் கேட்கவில்லை, அவனே போய்ச் சுக்கானைப் பிடித்தான். முகத்துவாரத்தில் ஒரு பலத்த காற்று பாயில் அடித்தபோது ஒரே ஒரு தடவை மேலே பார்த்தான். மரம் அசையவில்லை. அப்புறம் கரை திரும்பும்வரை அவன் முன்னால் மட்டும்தான் பார்த்தான். என் கணவரும் முதல் தடவையாகப் படகில் வந்தார், விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

ஒடிந்ததை எல்லோரும் பார்க்கிறோம். பளபளவென்று இருப்பதை அழுத்திப் பார்க்க யாருக்கு மனசு வருகிறது?

கடைசியாக ஒன்று. தலையை எப்படி வாரினாலும், பாய்மரத்தின் மேலிருந்து பார்த்தால் வழுக்கை தெரிகிறது — கீழே நின்ற இருவருக்குமே.