ஜப்பான் கோயில் வேலை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் நான் போடாத விண்ணப்பம் இல்லை. வங்கி, தபால் கந்தோர், ஆசிரியர் நியமனம், கொழும்பில் ஒரு பிஸ்கட் கம்பனி என்று கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ‘உனக்கு வேலை கிடையாது’ என்று ஒரு வரி எழுதிப் போடக்கூட ஒருவருக்கும் கை வரவில்லையே என்பதுதான் என் ஆத்திரம். இல்லை என்று சொன்னால் ஒரு மூச்சு அழுதுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபிசுக்குத்தான் வரும். லிந்துலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த ஆபிஸ் ஜன்னலில் என்னளவுக்கு நின்றவர் யாரும் இருக்க முடியாது.

போதாததற்குப் பெரியப்பா வேறு. அப்பாவின் அண்ணன். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். பெரியம்மா போன பிறகு லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் தனியாக இருந்தார், சாப்பாடு மட்டும் எங்களோடு. தினமும் சாயந்தரம் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் கேட்பார்: “என்னா, வேல வந்திருச்சா?”

ஹட்டன் பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்பார். வரவில்லை என்பேன். “வரும், வரும்” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் டவுனில் அதிக நேரம் இருக்கப் பழகினேன்.

தலவாக்கலை டவுனில் ஒரு முஸ்லிம் நானா கொமினிகேசன் கடை வைத்திருந்தார். போன் எடுக்கலாம், போட்டோ கொப்பி அடிக்கலாம், அடையாள அட்டைக்கு லெமினேட் போடலாம். அந்த வருடம் இரண்டு கம்பியூட்டர் வாங்கிப் போட்டு இன்டர்நெட்டும் கொண்டுவந்தார். அவருக்கு அவ்வளவாகக் கம்பியூட்டர் தெரியாது, எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுப்பேன், அதற்குப் பதிலாக ஆள் இல்லாத நேரம் எனக்கு இன்டர்நெட் சும்மா.

அப்படி ஒரு மழை நாளில்தான் அந்தக் கோயிலைக் கண்டுபிடித்தேன். ஜப்பானில் ஏதோ ஒரு மலையில் ஒரு ஷிண்டோ கோயில் இருப்பதாகப் பாவித்து, பல நாட்டுக்காரர்கள் அந்த இணையதளத்தில் கூடி இங்கிலீசில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலைமைப் பூசாரி. இன்னொருவர் கோயிலைச் சுற்றித் திரிகிற நரி. ஒருத்தி பூசாரியின் மகள், அவள் நிஜத்தில் பிரேசில்காரி. ‘நான் படியேறினேன்’ என்று ஒருவர் எழுதினால், ‘நான் மணி அடித்தேன்’ என்று மற்றவர் எழுதுவார். முதல் பக்கத்தில் ஒரு சிவப்பு வாசல் படம். அதன் கீழே அறிவிப்பு: கோயிலில் சேவை செய்யும் கன்னிப் பெண்ணாக, அதாவது மிக்கோவாக இருக்க ஆள் தேவை, விண்ணப்பிக்கவும்.

விண்ணப்பிக்கவும் என்ற சொல்லைக் கண்டால் அந்தக் காலத்தில் என் கை தானாகவே எழுதும். விளையாட்டு என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் விண்ணப்பம் எழுதுவதற்கு எனக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கினேன். முழுப்பெயர், பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், பரீட்சைப் பெறுபேறு, உறவினரல்லாத இரண்டு பேர் என்று எல்லாம் எழுதினேன். அந்த இரண்டு பேரில் ஒருவர் பாடசாலை அதிபர், மற்றவர் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. எந்தப் பிரதேசத்திலும் கடமையாற்றத் தயார் என்றும் சேர்த்தேன்.

ஆச்சரியம், மறுநாளே பதில் வந்திருந்தது! என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு விண்ணப்பத்துக்கு வந்த பதில் அது. ‘தயவுசெய்து உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை இப்படிப் பொதுவில் போடாதீர்கள், நான் அழித்துவிட்டேன்’ என்று தலைமைப் பூசாரி எழுதியிருந்தார். அதற்குக் கீழே முதல் தேர்வு: இலையுதிர்காலக் காலை, மிக்கோ கோயில் முற்றத்தைக் கூட்டுகிறாள், ஒரு வழிப்போக்கர் வருகிறார், எழுதுக.

எழுதினேன். அதில் நான் விடியுமுன் எழுந்து குடத்தோடு பீலிக்குப் போனேன். தண்ணீர் விரல் கனத்துக்குத்தான் வந்தது. எனக்கு முன்னால் வரிசையை உடைத்துக் குடத்தை வைத்தவளை நாலு வார்த்தை கேட்டேன். பிறகு முற்றம் கூட்டி, சாணி கிடைக்காததால் வெறும் தண்ணீர் தெளித்தேன். வழிப்போக்கர் வந்ததும் எந்த ஊர், எந்த டிவிசன், சாப்பிட்டாச்சா, கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகாவிட்டால் ஏன் என்று விசாரித்தேன். நரி விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியது. பூசாரியின் மகள் அந்தக் குடச் சண்டையின் மிச்சத்தைக் கேட்டாள். தலைமைப் பூசாரி மட்டும், மிக்கோ இவ்வளவு பேச மாட்டாள், அமைதியாக வணங்குவாள் என்று எழுதிவிட்டு, ஆனாலும் அடுத்த தேர்வுக்குத் தகுதி என்று முடித்திருந்தார். அடுத்தது கடைசித் தேர்வு. கோயில் திருவிழா நாளில் நான் மிக்கோவாக நின்று நடத்திக் காட்ட வேண்டும். அன்றைக்கே முடிவு.

எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. சம்பளம் கிடையாது, இடம் கிடையாது, அப்படி ஒரு கோயிலே கிடையாது. இருந்தாலும் என்னை ஒருவர் சோதித்துப் பார்த்து, நீதான் சரி என்று சொல்ல வேண்டும். அது மட்டும் நடந்தால் போதும் என்று ஏங்கினேன்.

அன்று சாயந்தரம் பெரியப்பா கேட்டபோது வாய் சும்மா இருக்கவில்லை. “ஒரு ஜப்பான் கோயில்ல கேட்டிருக்காங்க பெரியப்பா. ஆனா நெச வேல இல்ல. கம்பியூட்டர்ல வேசம் கட்டுற மாதிரி” என்றேன்.

பெரியப்பா இளவயதில் தோட்டத்துக் காமன் கூத்தில் எமன் வேடம் கட்டியவர். கூத்துக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து அவிழ்க்கும் நாள்வரை கவிச்சி தொடாமல், சாவு வீட்டுப் பக்கம் தலை காட்டாமல் இருந்தவர். வேடம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேசம்னா சும்மா இல்ல. ஒப்புக்கிட்டா சுத்தமா இருக்கணும். சாமி காரியம்.”

அதற்குப் பிறகு நான் சொன்ன கம்பியூட்டர் அவர் காதில் விழவே இல்லை. மறுநாள் பெரட்டுக்களத்தில் ஆள் பெயர் கூப்பிட்டு முடிவதற்குள், பிள்ளைக்கு ஜப்பானில் கோயில் வேலை என்று செய்தி மலையேறிவிட்டது. குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனவர்களைத் தெரியும், ஜப்பானுக்குச் சாமி கும்பிடப் போகிறவளை யாரும் பார்த்ததில்லை. கொழுந்துப் பெண்கள் என்னை நிறுத்தி, அங்கே குளிர் எப்படி, விபூதி கொடுப்பார்களா என்று கேட்டார்கள். அம்மா எனக்குக் கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கினாள். விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் பெரியப்பா இறந்துபோனார். காலையில் தேத்தண்ணி கொண்டுபோன அம்மாதான் பார்த்தாள். தூக்கத்திலேயே போயிருந்தார். லயத்து வாசலில் வெள்ளைக் கொடி கட்டினோம். தொழிற்சாலைச் சங்கு வழக்கம்போல ஊதியது, பெரட்டு வழக்கம்போலக் கூடியது, கொழுந்துக்கு ஆட்கள் மலைக்குப் போனார்கள். அவர் கவ்வாத்து வெட்டிய மலைகள்தான். அடக்கத்துக்கு ஆட்களை விடச் சொல்லி அப்பா ஆபிசுக்குப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்சப் பேரை விட்டார்கள்.

பங்காளித் தீட்டு. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. எந்தக் கோயிலாக இருந்தால் என்ன? வேடம் ஒப்புக்கொண்டால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்ன மனிதர் செத்த தீட்டோடு, அந்தச் சிவப்பு வாசலுக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை. திருவிழா நாளில் கடைக்குப் போனேன், கம்பியூட்டர் முன்னால் உட்காராமல் லெமினேட் மெஷின் பக்கம் நின்றேன்.

“ஏன் புள்ள, இன்னைக்குத்தானே ஒங்கட ஜப்பான் கோயில் திருவிழா?” என்றார் நானா.

“எனக்குத் தீட்டு நானா. உள்ள போகக் கூடாது. நீங்க கொஞ்சம் போய், நான் சொல்றத டைப் பண்ணிருங்களேன்.”

“உள்ளன்னா எங்க?”

“கோயிலுக்குள்ள.”

நானா ஒரு அடி பின்னால் போனார். “நான் எப்புடிப் புள்ள கோயிலுக்குள்ள போறது? இப்பத்தான் தொழுகைக்கு ஒளு எடுத்துட்டு நிக்கிறேன்.”

“அது வெறும் படந்தானே நானா.”

“வெறும் படம்னா நீங்களே போங்களேன்.”

இரண்டு பேரும் அந்தக் கம்பியூட்டரைப் பார்த்தபடி நின்றோம். போட்டோ கொப்பி எடுக்க வந்த ஆள், அது பழுதாகிவிட்டது என்று நினைத்து அனுதாபப்பட்டுவிட்டுப் போனார். கடைசியில் நானாதான் வழி சொன்னார். “உள்ள போகாட்டி என்ன, வெளிய நின்னு கூப்பிடலாந்தானே? அந்தப் பூசாரிக்கு ஒரு மெயிலப் போடுங்க.”

மெயில் கோயிலுக்கு வெளியே என்று நாங்கள் இருவரும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம். தலைமைப் பூசாரிக்கு எழுதினேன். என் பெரியப்பா இறந்துவிட்டார். தேயிலை மலையில் வேலை செய்தவர். பதினாறாம் நாள்வரை என்னால் கோயிலுக்குள் வர முடியாது, மன்னிக்கவும். வேறு ஆளை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையாவது எழுதிச் சொல்லுங்கள். பெரியப்பாவை அங்கிள் என்று எழுத மனம் ஒப்பவில்லை. ‘பிக் பாதர்’ என்றே எழுதினேன். அவர் அப்பாவுக்கு மேலேதான் இருந்தார், குறைத்துச் சொல்ல முடியாது.

இரண்டு நாள் கழித்துப் போனபோது மெயிலில் ஒரே வரி கிடந்தது: ‘வாசலில் பாருங்கள்.’

“வாசப்படியும் கோயிலுக்குள்ளதான் சேத்தி” என்றேன். வேறு ஆளை எடுத்துவிட்டார்கள், அதை எல்லோரும் பார்க்க வாசலில் ஒட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

நானா என் முகத்தைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ரோட்டுல நின்னு வாசலப் பாத்தா குத்தமில்ல. நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கங்க.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். இன்டர்நெட் அந்த நாளில் ஆமை. நானா தொண்டையைக் கனைத்தார்.

“படத்துக்கு மேல வெள்ளக் கடதாசி ஒட்டியிருக்காங்க புள்ள. கோயிலே தெரியல்ல.”

“என்ன எழுதியிருக்கு நானா?”

பரீட்சையில் வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லாக அவர் இங்கிலீசை வாசித்தார். எங்கள் மிக்கோவின் பிக் பாதர் இறந்துவிட்டார். தேயிலை மலையில் வேலை செய்தவர். சாவு வீட்டுக்காரர் வாசல் கடப்பதில்லை என்பது எங்கள் வழக்கமும்தான். அவள் திரும்பி வரும்வரை இந்தக் கோயில் மூடியிருக்கும், திருவிழா அதற்குப் பிறகு. கீழே வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு வரி எழுதியிருந்தார்கள். பதினாறாம் நாள்வரை ஊளையிட மாட்டேன் என்று நரி எழுதியிருந்தது.

“எங்கள் மிக்கோன்னா எழுதியிருக்கு? நல்லாப் பாருங்க நானா.”

“எங்கள்னுதான் இருக்கு. ரெண்டு தரம் பாத்துட்டேன்.”

வேலை கிடைத்துவிட்டது. போய்ச் சொல்லலாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. அடக்கத்தன்றுகூட வராத அழுகை அங்கே, அந்த லெமினேட் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தது. நானா பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு, வந்த ஆட்களையெல்லாம் பிறகு வரச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இந்த முறை கம்பியூட்டர், வேடம் என்று எதையும் விளக்கவில்லை. பெரியப்பா செத்ததற்காக அங்கே கோயிலை மூடியிருக்கிறார்கள், திருவிழாவை நிறுத்தியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

“எங்க அண்ணனுக்காகவா?” என்றார் அப்பா.

ஆமாம் என்றேன்.

“நம்ம அண்ணனுக்காகவா?” என்று மறுபடியும் கேட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, காரியக்காரராக மாறிவிட்டார்.

“அப்ப அவங்களுக்கும் பதினாறுக்குச் சொல்லணுமே.”

“அவங்க வர மாட்டாங்கப்பா. எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்.”

“வராட்டிப் பரவால்ல. கோயில மூடிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. அவங்களுக்குச் சொல்லாம விட்டாங்கங்கிற பேச்சு நமக்கு வரக் கூடாது. நீ நாளைக்கே போயி, வீட்டுக்கு வீடு சொல்ற மாதிரி ஒவ்வொருத்தருக்கா எழுது. அந்த நரிக்கும் மறக்காம எழுது.”